காட்டுக்குள் கிடக்கும் பழைய ஸ்கீ மேடு: எதை எப்படி அடையாளம் காண்பது?

மலைச்சாரல் கேட்டது:

வணக்கம். நியூ ஹாம்ப்ஷயரின் தென்பகுதியில் ஒரு சிற்றூர். ஊரை ஒட்டிய மேட்டில் 1940களில் தொடங்கி 1970களின் கடைசி வரை ஸ்கீ நடந்ததாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இன்று அது அடர்ந்த காடு. ஊர் வரலாற்றுக் குழுவுக்காக அந்த இடத்தைப் பதிவு செய்து தர வேண்டும். நிலத்துக்காரரின் அனுமதி எழுத்தில் கையில் இருக்கிறது.

இதுவரை கண்டது இவ்வளவுதான். அடிவாரத்தில் கூரை இறங்கிய மரக்கொட்டகை. உள்ளே ஒரு கார் எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு. அச்சின் ஒரு முனையில் டயர் இல்லாத வெறும் ரிம். மறுமுனையில் சக்கரமே இல்லை. பிரேக் டிரம்மை ஒரு இரும்புப் பட்டையால் சட்டத்தோடு வெல்டு வைத்துப் பிணைத்திருக்கிறார்கள். மேலே போகிற வழியில் மூன்று மரங்களில், தலைக்கு மேல் உயரத்தில், கார் ரிம்கள் மாட்டியிருக்கின்றன. உச்சியில் எதுவும் கிடைக்கவில்லை. கிழக்கே கொஞ்சம் தள்ளி, நான்கு நான்கு போல்ட் நீட்டிக்கொண்டு நிற்கும் கான்கிரீட் கட்டைகள் நேர்வரிசையில் இருக்கின்றன.

இந்த அமைப்பு எப்படி ஓடியது? ஒரு பக்கத்தை ஏன் வெல்டு வைத்து நிறுத்தினார்கள்? கான்கிரீட் கட்டைகள் இதே லிஃப்டைச் சேர்ந்தவையா? ஊரில் எட்டு, பத்துப் பேர் அங்கே ஸ்கீ செய்தவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் என்ன கேட்பது, அவர்கள் வைத்திருக்கும் ஸ்லைடுகளை எப்படிப் பாதுகாப்பது? கடைசியாக, அங்கே இன்று ஸ்கீ செய்ய முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள்.

---

பட்டறைச்சத்தம் எழுதியது:

நீங்க பார்த்திருக்கிறது ரோப் டோ. சுத்தமா, முழுசா கிடைச்சிருக்கு. பெரும்பாலான இடங்கள்ல எஞ்சினைப் பழைய இரும்புக்குத் தூக்கிப் போட்டிருப்பாங்க. அதனால கொட்டகையில ஒரு ஆணியைக்கூட நகர்த்தறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் அளவுகோல் வைச்சுப் படம் எடுத்துடுங்க.

வேலை செய்யற விதம் எளிது. முனையே இல்லாத ஒரு கயிறு வளையம். கீழே ரிம் அதை இழுக்கும், மேலே ஒரு கப்பி திருப்பி அனுப்பும். ஏறுற பக்கம் கயிறு பனிமேல கிடக்கும், ஆள் அதைப் பிடிச்சுக்கிட்டு ஸ்கீ மேல நின்னபடி மேலே போவாங்க. இறங்குற பக்கம் தலைக்கு மேல அந்த மூணு ரிம் வழியா திரும்பி வரும். அமெரிக்காவில் முதன்முதலா இப்படி ஓடினது வெர்மான்டின் உட்ஸ்டாக்கில், கில்பர்ட் பண்ணையின் மேய்ச்சல் மேட்டில், 1934 ஜனவரியில். இழுத்தது ஃபோர்டு மாடல் டி எஞ்சின். கனடாவில் கியூபெக்கின் ஷாபிரிட்ஜில் அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஓடியிருக்கு.

இப்போ அந்த வெல்டு. கார் திரும்பும்போது ரெண்டு பின்சக்கரமும் வெவ்வேற வேகத்துல சுத்த டிஃபரன்ஷியல் இடம் கொடுக்கும். ஒரு பக்கம் கயிற்றுச் சுமை, மறுபக்கம் வெறுமனே இருந்தா, வெறும் பக்கம் மட்டும் சும்மா சுத்தும், கயிறு நகராது. அதைத் தடுக்கத்தான் ஒரு பக்கத்தைச் சட்டத்தோட கட்டிடறது. கட்டினதும் இன்னொண்ணு நடக்குது: சுத்தற பக்கம் டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரத்தைப் போல ரெண்டு மடங்கு வேகத்துல ஓடும். அதைக் கணக்குல எடுக்காம முதல் நாள் ஓட்டினா கயிறு கையைப் பிய்ச்சுக்கிட்டுப் போகும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 16 அங்குல ரிம்னா குறுக்களவு சுமார் 40 செ.மீ., சுத்தளவு 1.25 மீட்டர். கயிறு நொடிக்கு 5 மீட்டர் போகணும்னா ரிம் நிமிஷத்துக்கு 240 சுத்து. டிஃபரன்ஷியல் ரெண்டு மடங்காக்கறதால பெரிய பல்சக்கரம் 120 சுத்தினாப் போதும். பின் அச்சு விகிதம் 4க்கு 1னு வைச்சா ஷாஃப்ட் 480. எஞ்சின் 1,500ல நிதானமா ஓடணும்னா கியர்பாக்ஸ் ஏறக்குறைய 3க்கு 1 குறைக்கணும். அது மூணு கியர் பெட்டியில முதல் கியர். உங்க கியர்பாக்ஸ் எந்த கியர்ல துரு பிடிச்சு நிக்குதுன்னு பாருங்க. அந்த மேட்டுல கயிறு என்ன வேகத்துல போச்சுங்கறதை அதை வைச்சே சொல்லிடலாம்.

எத்தனை பேரை இழுக்கும்? 80 கிலோ ஆள், 15 டிகிரி சரிவு, ஸ்கீயின் உராய்வையும் சேர்த்தா ஒரு ஆளுக்கு சுமார் 240 நியூட்டன். அதே 5 மீட்டர் வேகத்துல ஒரு ஆளுக்கு 1.2 கிலோவாட், பத்து பேருக்கு 12 கிலோவாட், அதாவது 16 குதிரைசக்தி. மாடல் டி எஞ்சின் மொத்தமே 20 குதிரைசக்தி, அதனால பத்து பேர்தான் அதுக்கு எல்லை. 1932ல வந்த ஃபோர்டு வி-8 65 குதிரைசக்தி. பெரிய மேடுகள் எல்லாம் ஏன் அந்த எஞ்சினைத் தேடிப் போச்சுன்னு இதுல புரியும். உங்க எஞ்சின் பிளாக்கில் இருக்கற வார்ப்பு எண்ணைச் சுண்ணாம்புக் கட்டி தேய்ச்சுப் படம் எடுங்க. கம்பி பிரஷ் போடாதீங்க.

கயிறு மணிலா, அதாவது நார்க்கயிறு. ஒரு அங்குலத் தடிமன்னா மீட்டருக்கு சுமார் 400 கிராம். 300 மீட்டர் மேட்டுக்கு 600 மீட்டர் கயிறு, காய்ஞ்ச நிலையில 240 கிலோ. நனைஞ்சா இன்னும் கூடும், சுருங்கவும் செய்யும், காய்ஞ்சா தொய்யும். அதனால ஒரு முனையைக் கப்பி கட்டி இழுத்துச் சரிசெய்ய வழி வைச்சிருப்பாங்க. முனைகளை முடிச்சுப் போட முடியாது, முடிச்சு ரிம்ல ஏறாது. இழைகளைப் பிரிச்சு நீளமா ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னுவாங்க. பின்னல் சரியில்லைன்னா தடிச்சு நிக்கற இடம் ரிம்ல அடிச்சு அடிச்சு அறுந்துடும். ஐஸ் பிடிச்ச கயிறு வெறும் இரும்பு ரிம்ல வழுக்கும். அதுக்குப் பழைய டயர் ரப்பரை ரிம்முக்குள்ள வரிஞ்சு வைப்பாங்க, இல்லாட்டி பக்கத்துல இன்னொரு சக்கரம் வைச்சு கயிறு ரிம்மைச் சுத்தற கோணத்தைக் கூட்டுவாங்க. உங்க ரிம்ல ரப்பர் துணுக்கு ஒட்டியிருக்கான்னு பாருங்க.

பாதுகாப்புக் கம்பியை மறந்துடாதீங்க. மணிலா கயிறு ஓடும்போது முறுக்கிக்கிட்டே வரும். கம்பளிக் கையுறை, ஸ்கார்ஃப், நீளத் தலைமுடி அதுல சுத்திக்கிட்டா ஆளைக் கப்பிவரைக்கும் கொண்டுபோகும். அதனால இறங்குற இடத்துக்கு மேலே குறுக்கே ஒரு மெல்லிய கம்பி அல்லது குச்சி இருக்கும். யாராவது கயிற்றை விடாம அதைத் தட்டினா எஞ்சின் மின்சுற்று அறுந்து நின்னுடும். அந்தக் கம்பி உச்சியிலிருந்து கொட்டகை வரைக்கும் வரணும். மரங்கள்ல வெள்ளைப் பீங்கான் இன்சுலேட்டர் இருந்தா அந்த வரிசையைப் பிடிச்சுக்கிட்டே மேலே போங்க, உச்சி எங்கேன்னு அதுவே காட்டும்.

---

பழையவரைபடம் எழுதியது:

மேலே சொன்னதற்குத் துணையாக, அந்தக் கான்கிரீட் கட்டைகள்.

அவை ரோப் டோவைச் சேர்ந்தவை அல்ல. ரோப் டோவுக்கு மரம் அல்லது மரக்கம்பமே போதும். போல்ட் நீட்டிய கட்டை என்றால் எஃகு டவர்: டி-பார் (கேபிளில் தொங்கும் T வடிவக் கம்பி, ஏறுபவரைப் பின்னாலிருந்து தள்ளும்) அல்லது சேர்லிஃப்ட் (கேபிளில் தொங்கும் இருக்கை). இரண்டையும் தரையை வைத்தே பிரித்தறியலாம். டி-பாரில் ஏறுபவரின் ஸ்கீ தரையிலேயே இருக்கும். ஆகவே கட்டைகளின் வரிசையை ஒட்டி மேலேறும் தடம் பள்ளம் நிரப்பி, மேடு வெட்டி, பக்கச் சாய்வே இல்லாமல் ஒரே சீராக இருக்கும். சேர்லிஃப்ட் ஓடையையும் பள்ளத்தையும் அந்தரத்தில் தாண்டும். கீழே தரை எப்படி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. வரிசையின் இரு கோடிகளில் ஏதாவது ஒன்றில் ஆழமான செவ்வகக் குழி இருந்தால் கவனமாகப் போங்கள். கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கான்கிரீட் எடைக்கல் தொங்கிய இடமாக இருக்கலாம். பலகை மூடி இற்றுப்போய், மேலே இலைச்சருகு படர்ந்திருந்தால் கண்ணுக்கே தெரியாது.

போல்ட்கள் மட்டும் நிற்கின்றன என்றால் லிஃப்டை விற்றிருக்கிறார்கள் என்று பொருள். லிஃப்ட்கள் அடிக்கடி ஊர் மாறும். வெர்மான்டின் அஸ்கட்னி 2010இல் மூடியதும் அதன் அதிவேக நான்கிருக்கை லிஃப்ட் உங்கள் பக்கத்து க்ராச்ட் மவுண்டனுக்கு வந்து 2012இல் ஓடத் தொடங்கியது. அந்த க்ராச்ட் மவுண்டனும் ஒருமுறை மூடப்பட்டு 2003இல் திரும்பத் திறந்த மலைதான். போல்ட்களுக்கு நடுவிலான தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து வையுங்கள். ஒவ்வொரு தயாரிப்பாளரின் டவர் அடித்தட்டும் ஒவ்வோர் அளவு. பிறகு ஒப்பிட உதவும். டவரை டார்ச்சால் அறுத்திருந்தால் வெட்டு கரடுமுரடாக இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியானால் போனது பழைய இரும்புக் கடைக்கு.

சரிவைப் படிக்கும் முறை ஒன்று சொல்கிறேன். அக்டோபர் முதல் பாதியில் எதிர் மேட்டில் ஏறி நின்று பாருங்கள். கைவிட்ட ஸ்கீ பாதையில் முதலில் முளைப்பவை பிர்ச், ஆஸ்பென், காட்டுச் செர்ரி. சுற்றியுள்ள ஊசியிலைக் காடு கரும்பச்சையாக இருக்க, பாதை மட்டும் மஞ்சள் பட்டையாக இறங்கும். பனிக்காலத்தில் அதே பட்டை இலையுதிர்ந்து வெள்ளையாகத் தெரியும். நாற்பது ஆண்டுக்குப் பிறகும் இந்த வேறுபாடு போகாது. கணினியில் பார்க்க வேண்டுமானால் மாநில அரசு இலவசமாகத் தரும் லைடார் நிழல்படம் (விமானத்திலிருந்து லேசரால் அளந்து செய்வது) எடுங்கள். மரங்களை நீக்கித் தரையை மட்டும் காட்டும். சரிவின் குறுக்கே வெட்டிய நீர்வடிகால்கள் மீன்முள் போலத் தெரியும், லிஃப்ட் தடம் அளவுகோல் வைத்து இழுத்த கோடாகத் தெரியும். மாடு மேய்த்த காலத்துக் கல்சுவரில் பத்துப் பதினைந்து மீட்டருக்கு இடைவெளி விட்டிருந்தால், ஸ்கீ பாதை அதன் வழியாகப் போயிருக்கும். அமெரிக்க நில அளவைத் துறையின் பழைய தாள் வரைபடங்களிலும் ஸ்கீ டோ, ஸ்கீ லிஃப்ட் என்று பெயரெழுதி மெல்லிய கோடு இருக்கும். எந்த ஆண்டுத் தாளில் கோடு வருகிறது, எந்த ஆண்டில் மறைகிறது என்று பாருங்கள். வரைபடம் நிலத்துக்குச் சில ஆண்டு பின்தங்கியே வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஏன் மூடினார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பெரியவர்களிடம் பேசும்போது அந்தக் கேள்வி தானாக வரும், பதிலும் பெரும்பாலும் 'பனி நின்றுபோச்சு' என்று ஒற்றை வரியில் வரும். அது பாதிதான். 1973–74 எண்ணெய் நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் பங்குகள் மூடிக் கிடந்தன. வார இறுதிக் கூட்டத்தை நம்பிய சின்ன மேடுகளுக்கு அது பெரிய அடி. 1974இல் வெர்மான்டின் ஸ்ட்ராட்டன் ஸ்கீ மலையில் புதிதாகப் பழகும் ஒருவர் பாதையில் கிடந்த புதரில் தடுக்கி விழுந்து கைகால் செயலிழந்தார். 1977இல் ஜூரி 15 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அதையடுத்து நாடு முழுக்க ஸ்கீ இடங்களின் காப்பீட்டுக் கட்டணம் எகிறியது. அதற்குமேல் 1979–80 குளிர்காலம் பனியே இல்லாமல் போனது. உங்கள் மேடு 1970களின் கடைசியில் நின்றது என்கிறீர்கள். இந்த மூன்றில் எது கடைசி அடி என்று தேதியை வைத்துத்தான் சொல்ல முடியும்.

செயற்கைப் பனி வைத்திருக்கலாமே என்பார்கள். கனெக்டிகட்டின் மோஹாக் மவுண்டன் 1950இலேயே அதைத் தொடங்கிவிட்டது உண்மைதான். ஆனால் ஒரு ஏக்கரில் ஓரடி உயரம் பனி செய்ய ஏறக்குறைய 1,60,000 முதல் 2,00,000 கேலன் நீர் வேண்டும். நான்கு ஏக்கர் மேட்டுக்கு இரண்டடி போட்டால் 48 முதல் 60 லட்சம் லிட்டர். குளம், பம்ப், கம்ப்ரெஸர், மேடு முழுக்கக் குழாய் எல்லாம் தேவை. கார் எஞ்சினும் கயிறும் வைத்து ஓடிய ஊர்மேடு அந்தச் செலவைத் தாங்கியிருக்காது. அதே ஆண்டுகளில் நெடுஞ்சாலைகள் வந்து, பாஸ்டன்காரர்கள் இரண்டு மணி நேரத்தில் பெரிய மலைகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

1984 முதல் 1986 வரை மட்டும் ஸ்னோ வேலி, டச் ஹில், மவுண்ட் விட்டியர், ஹாக்பேக் என்று வரிசையாக மூடின. இப்படி மூடிய ஸ்கீ இடங்களைப் பட்டியலாகத் திரட்டும் பணியை ஜெரமி டேவிஸ் என்ற வானிலை ஆய்வாளர் 1998இல் தொடங்கினார். நியூ இங்கிலாந்தில் மட்டும் 600க்கு மேற்பட்ட இடங்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. உங்கள் மேடு அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும் லிஃப்ட் தடம், ஆண்டு, பாதைப் பெயர்கள் குறைவாக இருக்கலாம். நீங்கள் சேர்க்க இடமிருக்கும். ஃப்ராங்கோனியாவில் உள்ள நியூ இங்கிலாந்து ஸ்கீ மியூசியத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

---

ஸ்லைடுபெட்டி எழுதியது:

நினைவுகளைத் திரட்டுவது பற்றி. எண்பது வயதுக்காரர்கள் என்றால் இரும்பு காத்திருக்கும், மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள். முதலில் அவர்களிடம் போங்கள்.

'அந்த நாள் எப்படி இருந்தது?' என்று தொடங்காதீர்கள். 'ரொம்ப நல்லா இருந்தது' என்றுதான் பதில் வரும். லைடார் படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து, கொட்டகையையும் கட்டைகளையும் மட்டும் குறித்து மேசையில் விரியுங்கள். பென்சிலை அவர்கள் கையில் கொடுத்து, கார் எங்கே நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். கை தானாகக் கொட்டகைக்கு நகரும், அங்கிருந்து கயிற்றுக்கு, கயிற்றிலிருந்து பாதைக்கு. டிக்கெட் யார் கொடுத்தார், பணத்தை எங்கே வைத்தார், குளிர் காய எங்கே போனார்கள், இரவில் விளக்கு இருந்ததா என்று ஒவ்வொன்றாக. இரவு ஸ்கீ இருந்தது என்றால் மரங்களில் தகர விளக்குக் குடைகளைத் தேடலாம். ஒவ்வொருவருக்கும் தனித் தாள், தனி நேரம். இருவரைச் சேர்த்து உட்கார வைத்தால் ஒருவர் சொன்னது மற்றவரின் நினைவாகிவிடும்.

கையைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். ரோப் டோவில் ஏறியவர்களுக்கு அந்த நினைவு கையில்தான் இருக்கிறது. ஓடும் கயிற்றைச் சட்டென்று பிடிக்கக் கூடாது; முதலில் உள்ளங்கையில் ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, உடல் நகரத் தொடங்கிய பிறகு மறுகையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பிடிக்க வேண்டும். சட்டென்று பிடித்தால் தோள்பட்டை வாங்கிவிடும், இல்லையென்றால் முகம் குப்புற விழுந்து, பின்னால் வருபவர்களும் மேலே விழுவார்கள். நனைந்த கயிறு கனம்; சிறுபிள்ளைகளால் அதைத் தரையிலிருந்து தூக்கவே முடியாது, அதனால் பெரியவர் ஒருவருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொண்டு ஏறுவார்கள். கம்பளிக் கையுறைக்கு மேல் தோல் கையுறை போட்டாலும் அது சில நாளில் தேய்ந்து ஓட்டையாகும். இடுப்புப் பட்டையில் தொங்கும் பாக்குவெட்டி போன்ற இரும்புப் பிடி ஒன்று இருந்தது, கயிற்றைக் கவ்விக்கொள்ளும். யாராவது பரணில் வைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு கேள்வி: காலையில் பனியை யார் மிதித்தார்கள்? அன்று சின்ன மேடுகளில் பெரும்பாலும் பனியைச் சமப்படுத்தும் வண்டி கிடையாது. புதுப்பனி விழுந்தால் ஸ்கீயைக் கட்டிக்கொண்டு வரிசையாகப் பக்கவாட்டில் அடிவைத்து மேடு முழுக்க மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். பல இடங்களில் மிதித்தவர்களுக்கு அன்றைக்கு டிக்கெட் இலவசம். ஊர்ப்பிள்ளைகள் ஸ்கீ பழகியதே இப்படித்தான். இதைக் கேட்டவுடன் பேச்சு வேறு விதமாகத் திறக்கும்.

ஸ்லைடுகள். அட்டைச் சட்டத்தில் கோடாக்ரோம் என்றிருந்தால் நிறம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், இருட்டில் வைத்திருந்த கோடாக்ரோம் அவ்வளவு உறுதி. சட்டத்தின் ஓரத்தில் மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கலாம். அது கழுவிய மாதம், எடுத்த மாதம் அல்ல; ஜூன் என்று இருந்தாலும் படம் பிப்ரவரியினுடையதாக இருக்கலாம். ரோல் முடிய அவ்வளவு நாள் ஆகும். தேதி இல்லையென்றால் பின்னணியில் நிற்கும் காரையும் நம்பர் பிளேட்டையும் பாருங்கள்.

ஸ்கேன் செய்யும்போது 3,000 முதல் 4,000 டிபிஐ. அதற்குமேல் கோப்பு பெருக்குமே தவிர விவரம் கூடாது. முதலில் காற்றுக் குமிழால் தூசி ஊதுங்கள், துணியால் துடைக்காதீர்கள். ஸ்கேனரில் அகச்சிவப்புத் தூசிநீக்கி இருந்தால் கோடாக்ரோமுக்கு அணைத்துவிடுங்கள். அந்தப் படச்சுருளே அகச்சிவப்பை ஓரளவு தடுப்பதால் மென்பொருள் விளிம்புகளைத் தூசி என்று நினைத்து அழிக்கும். மணிலாக் கயிறும் ஸ்கீ நுனியும் மங்கிவிடும், நமக்கு வேண்டியதே அவைதான். பனிப் படங்களில் தானியங்கி வெளிச்சம் வேண்டாம், பனி சாம்பலாகிவிடும். பனியின் மிக வெளிச்சமான இடம் வெளுத்துப்போகாமல் கையால் அமைத்து, ஒரு பெட்டி முழுவதற்கும் அதையே வையுங்கள்.

8 மி.மீ. படச்சுருள் இருந்தால் முதலில் முகர்ந்து பாருங்கள். புளிக்காடி வாசம் வந்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. மற்ற சுருள்களிலிருந்து உடனே பிரித்து, முதலில் அதை ஸ்கேனுக்கு அனுப்புங்கள். புரொஜெக்டரில் போடாதீர்கள், சுருங்கிய துளைகள் கிழியும். பழைய 8 மி.மீ. நொடிக்கு 16 படம், 1965இல் வந்த சூப்பர் 8 நொடிக்கு 18. கணினியில் 24இல் ஓட்டினால் எல்லோரும் ஓடிப்போகிற மாதிரி தெரியும். சரியான வேகத்தில் ஓட்டி, கயிற்றில் ஒருவர் இரண்டு மரங்களுக்கு நடுவே போக எத்தனை நொடி என்று எண்ணுங்கள். மரங்களின் தூரம் உங்களுக்குத் தெரியும். பட்டறைச்சத்தம் போட்ட கணக்கைச் சரிபார்க்கலாம்.

---

பனித்தடம் எழுதியது:

இன்னிக்கு அங்க ஸ்கீ செய்யறது பத்தி. முடியும், ஆனா ஒழுங்கா வழி இருக்கணும்.

நிலத்துக்காரர் கொடுத்த அனுமதி நடக்கறதுக்கா, ஸ்கீக்குமா, மரம் வெட்டறதுக்குமா? மூணும் தனித்தனி. மரம் வெட்டறதுக்கு எழுத்துல இல்லாம ஒரு செடியைத் தொடாதீங்க. 2007ல வெர்மான்டின் பிக் ஜே மலையில ரெண்டு பேர் அனுமதி இல்லாம ஸ்கீ பாதை வெட்டி வழக்கு வரைக்கும் போனாங்க. எல்லாருக்கும் கெட்ட பேர். நல்ல முன்மாதிரியும் இருக்கு. டச் ஹில்லில் ஒரு தன்னார்வக் குழு முறையா அனுமதி வாங்கி பழைய பாதைகளை வெட்டிச் சுத்தம் செய்யுது. ஸ்கீக்கு அடியில ஸ்கின் (பின்னோக்கி வழுக்காத பட்டை) ஒட்டிக்கிட்டு ஏறி, இறங்கலாம். அஸ்கட்னியில நிலத்தையே ஊர் வாங்கி, ஊர்மக்களே திரும்ப ரோப் டோ போட்டாங்க.

வெட்டறதுன்னா கோடைக் கடைசியிலிருந்து இலை உதிரும்வரை. தண்டைத் தரையோட ஒட்ட, சாய்வு இல்லாம மட்டமா வெட்டணும். 20 செ.மீ. உயரத்துல சரிச்சு வெட்டின பிர்ச் குச்சி பனிக்கடியில ஈட்டி மாதிரி நிக்கும், விழறவங்களுக்கு உயிர் ஆபத்து. பிர்ச்சும் ஆஸ்பெனும் வெட்டின இடத்துலேயே திரும்பத் துளிர்க்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வெட்டிக்கிட்டே இருக்கணும். அதைச் செய்ய ஆள் இருக்காங்களான்னு முதல்ல கணக்குப் பாருங்க.

பனி விழறதுக்கு முன்னாடி நவம்பர்ல ஒரு தடவை முழுப் பாதையும் நடந்து, ஆபத்தான இடங்களை உயரமான குச்சியில ரிப்பன் கட்டிக் குறிக்கணும். போல்ட் நீட்டின கட்டை, எடைக்கல் குழி, தரையில கிடக்கிற கேபிள் துண்டு, கம்பிவேலி, இடிஞ்ச சிமென்ட் குழாய்க்கு மேல ஓடற ஓடை. நீர்வடிகாலை ரொம்பப் பேர் மறந்துடறாங்க. பாதை ஓடின காலத்துல பனி அதை மூடிச் சமமாக்கும். இப்போ பாதிதான் மூடும், ஸ்கீ நுனி உள்ளே குத்தி ஆளைத் தூக்கி எறியும். புல் மட்டும் இருக்கற சரிவுக்கு 30 செ.மீ. கெட்டிப் பனி போதும். முட்புதரும் கல்லும் இருந்தா 60லிருந்து 90 செ.மீ. வேணும், தென் நியூ ஹாம்ப்ஷயர்ல அது எல்லா வருஷமும் கிடைக்காது.

உங்க மேட்டுக்குப் பனிச்சரிவுப் பயம் இல்லை. ஆனா இந்த இழையைப் படிச்சுட்டு யாராவது கொலராடோ பக்கம் கிளம்பினா ஒண்ணு சொல்லணும். பெர்தவுட் பாஸ் 1937ல தொடங்கி 2001ல மூடின இடம், 2003ல லிஃப்ட்களைக் கழட்டிட்டாங்க. 3,400 மீட்டருக்கு மேல, நெடுஞ்சாலையிலேயே இருக்கறதால இன்னும் நிறையப் பேர் ஸ்கீ செய்யறாங்க. வரைபடத்துல பாதைப் பெயர் இருக்கறதால பாதுகாப்பான இடம்னு நினைக்கக் கூடாது. மூடின நாளோட அந்தச் சரிவை ஸ்கீ இடமாப் பார்த்துக்கிட்ட ஆட்களும் போயிட்டாங்க. மாநிலப் பனிச்சரிவு மையத்தோட அன்றைய அறிக்கை, ட்ரான்ஸீவர் (பனியில புதைஞ்சவங்க இடத்தைக் காட்டற ரேடியோ கருவி), ஆய்வுக்கம்பி, மண்வெட்டி, கூட ஒரு ஆள் இல்லாம அங்க ஏறாதீங்க.

---

மலைச்சாரல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சில செய்திகள்.

கியர்பாக்ஸ் முதல் கியரில்தான் நிற்கிறது. ரிம்மின் உட்புறம் கறுப்பு ரப்பர் பட்டை, செப்பு ஆணியால் அடித்தது, பாதி இருக்கிறது. கான்கிரீட் கட்டைகளை ஒட்டிய தடம் பக்கச் சாய்வே இல்லாமல் சமமாக இருக்கிறது. டி-பார் என்று எடுத்துக்கொள்கிறேன். பென்சில் கொடுத்தபோது இரண்டு பேர் தனித்தனியாக அதே இடத்தில் கோடு போட்டு அதே பெயரைச் சொன்னார்கள்.

இன்சுலேட்டர் வரிசையைப் பிடித்து ஏறினேன், ஐந்து கிடைத்தன. கடைசி இன்சுலேட்டருக்கு 12 மீட்டர் மேலே ஒரு பெரிய மேப்பிள். கப்பி இல்லை. மரத்தில் இரண்டரை மீட்டர் உயரத்தில் பட்டை உதடுபோல மடிந்து கிடைமட்டமாகச் சுற்றியிருக்கிறது, ஒரு இடத்தில் துரு வழிந்த கறை. இது அதுதானா? மரம் வளர்ந்திருக்குமே, உயரம் சரியாக வருமா?

---

பட்டறைச்சத்தம் எழுதியது:

அதுதான். உயரத்தைப் பத்திச் சந்தேகம் வேண்டாம். மரம் நுனியிலதான் மேலே வளரும், அடிமரம் பக்கவாட்டுல மட்டும் பெருக்கும். அன்னைக்கு இரண்டரை மீட்டர்ல கட்டின கம்பி இன்னைக்கும் இரண்டரை மீட்டர்லதான் இருக்கும். மரம் அதை விழுங்கியிருக்கு, அவ்வளவுதான். ஆனா நல்லாப் பனி விழுந்த வருஷத்துல தரை ஒரு மீட்டர் வரைக்கும் உயரும்ங்கறதைக் கழிச்சுப் பாருங்க. கயிறு பனிக்கு மேல ஒன்றரை மீட்டர்ல கப்பிக்குள்ள போயிருக்கு.

கயிறு இழுத்த பக்கம், அதாவது கொட்டகையைப் பார்த்த பக்கம், கம்பி மரத்திலிருந்து வெளியே வந்திருக்கணும். மரத்தோட பின்பக்கம் பட்டைக்குள்ள மரக்கட்டைத் துண்டு ஏதாவது தட்டுப்படுதா பாருங்க. கம்பி பட்டையை அறுக்காம இருக்க முட்டுக் கொடுப்பாங்க. காந்தத்தை நூல்ல கட்டி மெதுவா ஓரமா நகர்த்தினா கம்பி எங்க உள்ளே போகுது, எங்க வெளியே வருதுன்னு தெரியும். வெட்டியோ உளியாலேயோ திறக்க வேண்டாம், மரம் சாகும். நிலத்துக்காரர்கிட்டேயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க: உள்ளே எஃகுக் கம்பி இருக்கு, பின்னாளில் அந்த மேப்பிளை அறுக்கறவங்க செயின்சா போட்டா சங்கிலி அறுந்து முகத்துக்கு வரும். மரத்துல ஒரு தகடு கட்டிடுங்க.

கப்பியைத் தேட மரத்துக்குக் கீழ்ச்சரிவுல இருபது மீட்டருக்குள்ள உலோகம் கண்டறியும் கருவியை ஓட்டுங்க. கயிறு அறுந்த வருஷம் கழண்டு விழுந்திருந்தா ரொம்ப தூரம் உருண்டிருக்காது.